துளையில்லாத சக்கரம்

எனக்கு வாய் ஜாஸ்தி. கள்ளக்குறிச்சியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் கொஞ்சம் வாய் இருக்கும். எனக்கு அதற்கும் மேலே. டிராக்டருக்குக் கிளட்ச் பிளேட், மினி லாரிக்குப் பிரேக் லைனிங் என்று விற்று வயிற்றைக் கழுவுகிறவன்தான். ஆனால் பழைய கார் படம் ஒன்றை யாராவது நீட்டிவிட்டால் வேறு ஆளாகிவிடுவேன். பாண்டிச்சேரிக் காயலான் கடை ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்துக் கார்களின் பாகப் பட்டியல் புத்தகங்கள் ஒரு மூட்டை கிடைத்தது. இருபது வருஷமாக அதைப் புரட்டிப் புரட்டி, கதவுக் கீலைப் பார்த்தே வருஷம் சொல்கிற அளவுக்கு ஆகியிருந்தேன். என் மனைவி அதை மந்திரப் புத்தகம் என்பாள். சொன்ன வருஷம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இப்போது பீற்றிக்கொள்வதில்லை.

அந்தப் படம் ஐப்பசி மழையில் வாட்ஸ்அப்பில் வந்தது. கல்வராயன் மலையில் கரண்ட் கம்பி இழுக்கப் போன லைன்மேன் ஒருவர் எடுத்தது. "பாய், இது இன்னா வண்டி? எந்த வருஷம்?" என்று கேட்டிருந்தார். புல் வேய்ந்த கொட்டகைக்கு அடியில் கூரையில்லாத சின்னக் கார், இரண்டே சீட்டு, நேராகப் பார்த்து நின்றது. முன்பக்கம் எட்டு மூலைப் பட்டையாகக் கம்பெனி முத்திரை. அதற்குள் இருந்த இரண்டு எழுத்தும் தேய்ந்து போயிருந்தது. கம்பெனிப் பெயரை எழுத வேண்டியதில்லை, தெரிந்தவர்களுக்கு அந்த எட்டு மூலையே போதும்.

அந்தப் பட்டையோடு வந்த மாடல்களில் மூன்று அண்ணன் தம்பிகள் உண்டு. மூத்தவனுக்கு உயரமான கம்பிச் சக்கரம், பம்பர் கிடையாது. கடைசித் தம்பிக்கு ஹெட்லைட் மட்கார்டுக்குள் புதைந்திருக்கும். படத்தில் இருந்ததற்குப் பம்பர் இருந்தது, ஹெட்லைட் இரண்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றன. நடுவுள்ளவன். டி.டி. மாடல். முன் டயர் இரண்டும் நேராக நின்றது தெரிந்தாலும் சக்கரத் தகட்டைப் புல் மறைத்திருந்தது, அதனால் வருஷத்தை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பதில் போட்டேன். படம் எப்படியோ கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. நான்காம் நாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு அம்மாள் குடையோடு வாசலில் நின்றிருந்தார்.

சங்கராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்து டீச்சர், ரிட்டையர் ஆகிவிட்டவர். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இருபது வயதுப் பெண் ஒருத்தி காரின் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதே மாடல். பக்கவாட்டில் எடுத்த படம், சக்கரம் தெளிவாகத் தெரிந்தது.

நிற்பது தன் அம்மா என்றார். அப்பா அரிசி மில் வீட்டு ஒரே பிள்ளை, ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த துரை ஊருக்குக் கிளம்பும்போது அந்த வண்டியை வாங்கி வந்தாராம். டீச்சர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் விடியற்காலை மலைப்பக்கம் போய்வருகிறேன் என்று வண்டியை எடுத்தவர்தான். ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. வண்டிக் காகிதத்தையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அறுபது வருஷம் கழித்து இப்போது இந்தப் படம்.

"எங்கம்மா இன்னும் பொட்டு வெச்சிக்கினு இருக்காங்க பாய்," என்றார். "எண்பத்திநாலு வயசு. அது எங்கப்பா வண்டிதானா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

எங்கள் வீட்டுப் பெண்கள் தாலிக்குப் பதில் கழுத்தில் கருகமணி போடுவார்கள். என் அத்தா மவுத்தான அன்றைக்கு அம்மா அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? ஒரு நிமிஷ வேலை டீச்சர், சக்கரத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றேன்.

மறுநாள் என் ஜீப்பில் இருவரும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். வெள்ளிமலைக்கு அப்பால் தார்ரோடு முடிந்து, சிமெண்ட் ரோடு முடிந்து, கடைசியில் ஜீப்பை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் நடந்தோம். பத்துப் பன்னிரண்டு வீடுகள். சாமை அறுவடை ஆன நேரம், களமெல்லாம் தாள் குவிந்து கிடந்தது. மஞ்சு பனிமூட்டமாக இறங்கியிருந்தது. நாய்கள் எங்களைப் பார்த்தன, ஒன்றும் குரைக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு குடும்பம் முறைபோட்டு வண்டியைக் காக்கிறது. இந்த வருஷ முறைக்காரி நாற்பது வயதுப் பெண். களத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து எங்களைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். அவள் மாமியார் காலத்துக் கதையை, நேற்று நடந்ததுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். ஒரு மழைநாள் விடிந்து பார்த்தால் வண்டி இங்கே நிற்கிறது. கதவுக்குக் கீழே ஒரு ஜோடி தோல் செருப்பு. செருப்பிலிருந்து வெறுங்கால் தடம் அருவிப் பள்ளத்துப் பக்கம் போயிருக்கிறது, திரும்பி வந்த தடம் இல்லை. மூன்று நாள் தேடியிருக்கிறார்கள். கீழே தகவலும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், யாரும் வரவில்லை.

நான் இடைமறித்தேன். அந்தக் காலத்தில் இங்கே ரோடே கிடையாது. மரம் வெட்டப் போட்ட மண்பாதைகூட ஐந்து மைல் கீழேயே நின்றுவிட்டது. கழுதையே ஏறத் திணறும் வழியில் கார் எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"ஈர மண்ணுல செருப்புக்காரர் கால் தடம் இருந்துச்சிங்க. சக்கரத் தடம் இல்ல."

டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் இருமிவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்தேன். கிட்டே போனபோதுதான் கவனித்தேன், வண்டியில் ஒரு ஓட்டை இல்லை. ரேடியேட்டர்க் கம்பிகளின் இடுக்கு, ஹாரனின் வாய், புகைக்குழாய், சாவித் துவாரம், பெட்ரோல் மூடியின் சந்து என்று எல்லாவற்றையும் கறுப்பாக ஏதோ வைத்து அடைத்திருந்தார்கள். குங்கிலியமும் தேன்மெழுகும் கரியும் சேர்த்து இடித்த களிம்பு. பின்விளக்கு இருந்த இடத்தில் கைப்பிடி அளவு உருண்டை. ஏன் இப்படி என்றேன்.

"ஆளு திரும்பாத பொருளுக்கு வாய் தொறந்திருக்கக் கூடாதுங்க," என்றாள். "வேற ஏதாச்சும் உள்ள பூந்துக்கும்."

வேட்டைக்குப் போய் வராதவனின் துப்பாக்கி கிடைத்தால் அதன் குழலையும் அடைப்பார்களாம், சந்தைக்குப் போய் வராதவளின் குடத்தையும் அடைப்பார்களாம். உடையவர்கள் வந்து கேட்டால்தான் திறப்பது. எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

சீட்டைப் பார்த்தேன். இரண்டு திண்டு, ஒரே சாய்மானம். பயணி பக்கத்துத் திண்டில் விரல் தடிமனுக்குத் தூசி. டிரைவர் திண்டில் தூசியே இல்லை, நடுவில் குழிந்து தோல் பளபளவென்று இருந்தது. இந்தப் பக்கத்தை மட்டும் தினமும் துடைப்பீர்களா என்று கேட்டேன். மற்றதையெல்லாம் எப்போதாவது பெருக்குவோம், அந்த இடத்தில் கை வைப்பதே இல்லை என்றாள். படத்தில் நேராகப் பார்த்து நின்ற முன்சக்கரம் இரண்டும் இப்போது இடப்பக்கம், மலை இறங்கும் திசைக்குத் திரும்பியிருந்தன. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, மயிரிழைகூட அசையவில்லை. கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

அதனாலேயே சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பத் துடித்தேன். எஞ்சின் நம்பர்த் தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது, சேஸிஸ் நம்பரைத் துரு தின்றுவிட்டது. மிச்சம் சக்கரம்தான். புல்லை ஒதுக்கிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று வழவழப்பான முழுத்தகடு, விளிம்போரம் சில துருப்புள்ளிகள், ஆனால் ஒரு துளை இல்லை. இந்த மாடலில் ஆரம்பத்தில் வந்த வண்டிகளுக்கு மட்டும்தான் துளையில்லாத சக்கரம். பிரேக் சூடாகிறது என்று பிறகு சுற்றிலும் வட்ட வட்டமாகத் துளை போட்டுவிட்டார்கள். டீச்சரின் போட்டோவில் துளை வரிசை அழகாகத் தெரிந்தது.

"இது ஐம்பதாம் வருஷத்து வண்டி. உங்க அப்பாது அதுக்கு அப்புறம் வந்தது. இது அது இல்ல டீச்சர்," என்றேன்.

இந்த மலையில் அப்படி இரண்டு வண்டியா வந்திருக்கும் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சரியான கேள்வி. எனக்குச் சுள்ளென்று வந்தது. ஏற்காட்டுத் துரைமார் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள், எவன் ஓட்டிவந்து விட்டானோ, இருபது வருஷமாக இதையே படிக்கிறேன், நம்பினால் நம்புங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், அவர் ஜீப்பை நோக்கி முன்னால் நடந்தார். உண்மையைச் சொல்கிறேன்: 'இல்லை' என்று சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி. ஒரு பெண்ணின் நெற்றியைத் துடைக்கிற வேலை என் தலையில் விழவில்லையே என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் என் கண்ணைக் கட்டியது.

நேரே சங்கராபுரம் போனோம். டீச்சரின் அம்மா கூடத்தில் பிரம்பு நாற்காலியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் டீச்சரின் போட்டோவை நீட்டி, சக்கரத்தைக் காட்டி, துளையுள்ளது எப்போது வந்தது, துளையில்லாதது எப்போது வந்தது என்று பாடமே நடத்தினேன். கடைசியில், அது உங்கள் வீட்டுக்காரர் வண்டி இல்லைம்மா, கவலைப்படாதீர்கள் என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன். அவர் மறுபடி தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். சந்தோஷத்தில் ஒரு வார்த்தை வரும் என்று நின்றிருந்தவன், அசடு வழிய வெளியே வந்தேன். வாசலில் டீச்சர் அழுதுகொண்டிருந்தார். நல்ல செய்திதானே சொன்னேன், ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன்.

"அது அவரு வண்டியா இருக்கணும்னுதான் பாய் அம்மா வேண்டிக்கினு இருந்தாங்க," என்றார். "ரெண்டு வருஷமா உடம்புக்கு ஒண்ணும் முடியல. டாக்டரே எப்பவோ கை விட்டாரு. அவரு வர்ற நேரத்துல நான் இல்லாம போயிட்டா இன்னா பண்றதுன்னு அந்த நாற்காலிய வுட்டு எழுந்துக்கவே மாட்டேன்றாங்க. தூக்கமும் அதுலதான். சாவக்கூட முடியலடின்னு அழுவறாங்க."

பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்பி வரும்போது எனக்கு வாய் அடைத்துப் போயிருந்தது. ஆனாலும் உண்மை உண்மைதானே, சக்கரம் பொய் சொல்லுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை. வடக்கனந்தலிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளரிடம் வழக்கம்போல மலையில் பார்த்த வண்டியைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். போனில் நான் எடுத்த சக்கரத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் தேன் எடுக்கிற வேலையும் தெரிந்தவர். உற்றுப் பார்த்துவிட்டு, கொசுத்தேனீ நன்றாக மேய்கிறதே, மெழுகும் குங்கிலியமும் இருக்கிற இடத்தில்தான் இது உட்காரும் என்றார். துருப்புள்ளி என்று நான் நினைத்திருந்ததெல்லாம் தேனீ. தகட்டில் வேறெங்கும் இல்லை. விளிம்பை ஒட்டி, அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளி விட்டு, வட்டமாக உட்கார்ந்திருந்தன.

டீச்சரின் போட்டோவையும் போனில் வைத்திருந்தேன். அதை எடுத்துத் துளைகளை எண்ணினேன், பிறகு தேனீ இருந்த இடங்களை எண்ணினேன். சரியாக இருந்தது. அட முட்டாளே, அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டு, வந்தவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். திரும்பாதவன் பொருளில் எந்த வாயையும் திறந்து வைக்க மாட்டார்கள் என்று முறைக்காரி சொன்னாள். சக்கரத்தில் இருந்த வாய்கள் மட்டும் என்ன பாவம் செய்தன?

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மலைப்பெண் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தாள். போன் அங்கே எடுக்காது, யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் காத்திருந்தவள் மாதிரிதான் நின்றிருந்தாள். சக்கரத்தில் துளை இருந்ததா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். இருந்தது, அப்போதே அடைத்தது, வருஷா வருஷம் மேலே எண்ணெயும் கரியும் பூசுகிறோம் என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபப்பட்டேன்.

"நீங்க கேக்கலியே," என்றாள். பிறகு, "உடையவங்க சொல்லி வந்தீங்களா?" என்று கேட்டாள்.

நல்லாப் பாத்தீங்களா என்று கேட்டது அந்த அம்மாள்தானே. ஆமாம் என்றேன். அப்படியென்றால் திறங்கள் என்று அவள் தலையசைத்தாள்.

டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே, பின்சக்கரத்தின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவர் முனையை விளிம்பில் வைத்து நெம்பினேன். களிம்பு இரும்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. பிஸ்மி சொல்லி இன்னொரு நெம்பு நெம்பினேன். வட்டமாக ஒரு வில்லை பெயர்ந்து என் மடியில் விழுந்தது. உள்ளே வழுவழுப்பான, கம்பெனியில் போட்ட துளை. என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று. துளையும் வட்டப் பின்விளக்கும் சேர்ந்தால் ஐம்பத்திரண்டு, என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது என் தலைக்கு மேலே, டிரைவர் திண்டின் ஸ்பிரிங் முனகியது. மேலிருந்த பாரம் விலகினால் வருகிற சத்தம். முப்பது வருஷமாக வண்டிகளோடு கிடக்கிறவன் நான், உட்காரும் சத்தத்துக்கும் எழும் சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். தலையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. நடைபாதையிலிருந்து இரண்டடி தள்ளி, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள்.

எப்படி ஜீப்புக்கு வந்தேன், எப்படி மலை இறங்கினேன் என்று கேட்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறைகூட நான் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது. சங்கராபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அந்த அம்மாள் அதே நாற்காலியில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். தப்புச் சொல்லிவிட்டேன்மா, மன்னித்துவிடுங்கள் என்றேன். அது உங்கள் வண்டிதான், டி.டி. மாடல், ஐம்பத்திரண்டாம் வருஷம் என்றேன். செருப்பைச் சொன்னேன், அருவிப் பள்ளத்தைச் சொன்னேன், திரும்பாத தடத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"சீட்டுல இருந்தாரா?"

இந்தக் கேள்வியை அவரிடம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? டீச்சரிடம்கூட நான் அந்தத் திண்டு முனகியதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. என் பெரிய வாய்க்கு அன்றைக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, பேச்சை மாற்றவும் தெரியவில்லை.

"இருந்தாரும்மா. நான் தொறந்ததும் எழுந்துட்டாரு."

"எழுந்துட்டாரா," என்றார். தெருவை ஒருமுறை பார்த்தார். "அப்ப நானும் எழுந்துக்கிறேன்."

மகளிடம் ஒரு கையையும் என்னிடம் ஒரு கையையும் கொடுத்தார். அந்தக் கையில் கனமே இல்லை. எழுந்து நின்றார், எங்கள் கையை விட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பின்கட்டுக்கு நடந்து போனார். தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

அவர் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. குங்குமம் இருந்த இடம் மட்டும் வெயில் படாத தோலாக, சின்னப் பெண்ணின் தோலாக வெளுத்திருந்தது. நாற்காலியைத் தாண்டி உள்ளே போனவர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். பாய்க்குக் காபி போட்டுக் கொடு என்று மகளிடம் சொன்னார். பிறகு கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.